இடது பக்கத்து அனல்

சிலம்பாயிக்கு இழைக்கப்பட்ட அநியாயம் இரண்டு. ஏழு வருஷமாக அவள் சொன்ன வலியை வாழைக்காய் மண்டியில் ஒருவரும் நம்பவில்லை என்பது முதலாவது. அந்த வலி காயைப் பழுக்க வைக்கத் தொடங்கிய பிறகு எல்லோரும் நம்பினார்கள், ஆனால் அது தீர வேண்டும் என்று ஒருவரும் விரும்பவில்லை என்பது இரண்டாவது. இரண்டில் எது பெரியது என்று வாதாடலாம். முதலாவதை அவர்கள் கடுகடுத்த முகத்தோடு செய்தார்கள். இரண்டாவதை, அதே ஆட்கள், சிரித்த முகத்தோடு, தாயி தாயி என்று கூப்பிட்டுக்கொண்டே செய்தார்கள். முகம் கடுகடுத்தவரிடம் சண்டையாவது போடலாம்.

காவிரியின் தென்கரையில், விரைவு ரயில்கள் நிற்காமல் ஊளையிட்டுப் போகிற ஓர் ஊரில், அருணகிரியின் மண்டியில் அவளுக்கு வேலை. விடியும்போது வந்திறங்கும் வாழைத்தார்களைத் தோளில் சுமந்து உள்ளே அடுக்குவது, காயைப் பழுக்க வைக்க மூட்டம் போடும் அறையில் வைக்கோல் புகைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நுழைந்து பழுத்ததைப் பார்த்து எடுத்து வருவது, சீப்பு சீப்பாக அறுத்துத் துடைத்து வைப்பது. முப்பத்துநாலு வயதில் அவளுக்கு இடது பக்கம் வலி வந்தது. தொடையும் வயிறும் சேருகிற மடிப்புக்குள், கை எட்டாத ஆழத்தில், யாரோ உள்ளிருந்து ஆணியைத் திருகுவது மாதிரி. முதலில் சுமக்கும்போது வலித்தது, பிறகு நடக்கும்போது, பிறகு உட்கார்ந்து எழும்போது, கடைசியில் ஒன்றுமே செய்யாமல் படுத்துக் கிடக்கும்போதும், புடவைக் கொசுவம் உரசினால்கூட.

சொன்னால் என்ன என்று கேட்கத் தோன்றும். சொல்லிப் பாருங்கள். மண்டித்தெரு முனையில் கிளினிக் வைத்திருந்த டாக்டர், மண்டி முதலாளி அருணகிரிக்குச் சகலை; சுற்றிலும் மண்டி ஆட்கள் உட்கார்ந்திருக்க, திரை இல்லாத மேஜைக்கு முன்னால் நின்று, அந்த இடத்தை எந்த வார்த்தையில் சொல்வது, எந்த விரலால் காட்டுவது? "எங்கம்மா வலி?" என்று அவர் கேட்டபோது சிலம்பாயியின் கை வயிற்றிலிருந்து கீழே இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், வெட்கப்பட்டு நழுவி முட்டியில் போய் நின்றது. வலி முட்டிக்கும் இறங்கத்தான் செய்தது, அதனால் அவள் பொய்யும் சொல்லவில்லை. டாக்டர் முட்டியைப் படமெடுத்தார். அடுத்த வருஷமும் முட்டியையே எடுத்தார். அதற்கடுத்த முறை பெரிய அளவில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "முட்டி பளிங்கு மாதிரி இருக்கு" என்று மண்டிக்கே கேட்கும்படி சொன்னார்.

"படம் பொய் சொல்லுமா?" என்றார் அருணகிரி.

படம் பொய் சொல்லவில்லை, கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்? ஆனால் அன்றிலிருந்து சிலம்பாயி சாய்ந்து சாய்ந்து நடக்கிற நடைக்கு ராணி நடை என்று பேர் விழுந்தது. கூடவே சீப்பு அறுக்கிற குருவம்மாதான் வைத்தாள். "வர்றா பாரு ராணி. பல்லக்கு எங்கடி?" என்பாள், கத்தியை நிறுத்தாமல். வீட்டில் மட்டும் அவளை நம்புகிற ஓர் ஆள் இருந்தான். புருஷன் மருதமுத்து, குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். தினமும் சாயங்காலம் முக்கூட்டு எண்ணெயைச் சூடு பண்ணி, "எங்க, இங்கயா, இன்னும் உள்ளயா" என்று கேட்டுக் கேட்டு நீவிவிடுவான். அவள் அந்தக் கால் மணி நேரத்தை நினைத்துக்கொண்டுதான் மற்ற நேரமெல்லாம் நின்றாள்.

இப்படியிருக்க, சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், அன்று விடியற்காலைதான் வந்திறங்கிய பூவன் தார்களின் மேல் அவள் இடது பக்கம் படக் கொஞ்சம் சாய்ந்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும். எழுந்தபோது, கரும்பச்சையாகக் கிடந்த குவியலின் நடுவில், ஒரு பொம்பளையின் இடுப்பும் தொடையும் எந்த வளைவில் இருக்குமோ அந்த வளைவில், காய்கள் மஞ்சளாகப் பழுத்திருந்தன. ஓரங்களில் பச்சை அப்படியே இருந்தது.

அருணகிரி வந்து பார்த்துவிட்டு, கோபப்பட்டார். "பாதி காய், பாதி பழம்! இத எந்த லாரியில ஏத்துறது? யாரைக் கேட்டும்மா சாஞ்ச?"

குருவம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து சிலம்பாயியின் இடது பக்கம் புறங்கையை வைத்துப் பார்த்தாள். வைத்த கையை வெடுக்கென்று எடுத்தாள். "ஏன்டி சிலம்பு, உள்ள அடுப்பா எரியுது?"

"ஏழு வருஷமா அதத்தானடி சொல்றேன்."

மறுநாள் அருணகிரியின் கோபம் போயிருந்தது. ஏனென்றால் அந்தப் பழத்தை வேறு வழியில்லாமல் உடைத்து ஆளுக்கொன்று தின்றிருந்தார்கள். புகை வாடை இல்லை, மருந்து காரல் இல்லை, காம்பு வரைக்கும் ஒரே சீராகக் கனிந்து, தொண்டையில் இறங்கும்போது லேசாகக் கதகதப்பாக இருந்தது. மூட்டத்தில் மூன்று நாள் கிடக்க வேண்டிய காய் ஐந்து நிமிஷத்தில் இப்படி ஆகுமென்றால் அதற்குப் பெயர் குற்றமில்லை, வரம் என்று மண்டிக்காரர் சங்கம் கூடிப் பேசி முடிவு செய்தது. அந்தச் சங்கத்துக்குத் தலைவரும் அருணகிரிதான்.

அதன் பிறகு ஊர் அந்த அதிசயத்தை ஒரு புது பஸ் ரூட்டைப் பழகிக்கொள்வது மாதிரி பழகிக்கொண்டது. மூட்ட அறையில் புகை போடுவதை நிறுத்திச் சுவரைக் கழுவி, நடுவில் சிலம்பாயிக்கு ஒரு ஸ்டூல் போட்டு, அவளைச் சுற்றித் தார்களைக் கொடிகளில் தொங்கவிட்டார்கள். மண்டிக்கு வெளியே பெண்கள் மாங்காய்க் கூடையோடும் சப்போட்டாப் பையோடும் வரிசையில் நின்றார்கள், ஐப்பசி அடைமழையில் இட்லி மாவு பொங்காதவர்கள் குண்டானோடு நின்றார்கள், அடை வைத்த கோழி பாதியில் எழுந்து போய்விட்டது என்று ஒருத்தி முட்டைகளை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றாள். மூன்று முறை பரீட்சையில் தோற்ற மருமகனைக் கூட்டி வந்து, "இவன் மண்டையும் காயாவே கெடக்கு, செத்த நேரம் பக்கத்துல உக்கார வெச்சுக்க தாயி" என்றார் ஒருவர். பதினோரு வருஷமாகத் தீர்ப்பாகாத வரப்புச் சண்டையின் வழக்குக் கட்டைக் கொண்டுவந்து ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார் இன்னொருவர். வழக்கு கனியவில்லை, காகிதம்தான் பழுப்பேறியது. கல்யாண வீடுகளில் பந்தியின் ஓரத்தில் இருக்கிற பழம் சிலம்பாயி பழமா என்று கேட்டுவிட்டுத்தான் சம்பந்திகள் இலையில் உட்கார்ந்தார்கள். காலையில் அவளைப் பார்க்கிறவர்கள் நல்லாயிருக்கியா என்று கேட்பதை விட்டுவிட்டு, "என்ன தாயி, பழுத்துச்சா?" என்று கேட்டார்கள். அவள் பழுத்துச்சு என்பாள்.

ராணி நடை என்று இப்போது யாரும் சொல்லவில்லை. எப்படி வலிக்கிறது என்றும் யாரும் கேட்கவில்லை. வலி உண்மை என்று ஆன பிறகு அதைப்பற்றிப் பேச ஒன்றுமில்லை என்பதுபோல.

ஸ்டூல் ஆறு மாதம்தான் இருந்தது. கார்த்திகையில் ஒரு நாள், நன்றாக உட்கார்ந்து ஓய்வெடுத்த நாளில், கற்பூரவல்லித் தார்கள் சாயங்காலம் வரை பச்சையாகவே தொங்கின. அடுத்த நாள் ஆள் வராததால் அவளே பத்துத் தார் தூக்கினாள். அன்று ஒரு மணி நேரத்தில் அறை முழுக்க மஞ்சள். அருணகிரி கெட்டவரில்லை, ஆனால் கவனமானவர். ஸ்டூலை எடுத்து ஓரமாகப் போட்டார். "உக்காந்தே இருந்தா ரத்தம் கட்டிக்கும்மா. ரெண்டு தார் எடுத்து வெச்சிட்டு, அறைக்குள்ள நாலு சுத்து சுத்திட்டு நில்லு. உன் நல்லதுக்குத்தான்." அவள் சுற்றினாள். சுற்றச் சுற்ற, தலைக்கு மேல் காய்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. ஒரு மனுஷி எவ்வளவு நொந்தால் ஒரு தார் கனியும் என்பது அந்த மண்டியில் எல்லோருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவள் அதையும் பொறுத்திருப்பாள். ஆனால் தை மாதத்தில் வீடு வெள்ளையடிக்க அலமாரியை ஒதுக்கியபோது முக்கூட்டு எண்ணெய்ப் பாட்டில் கைக்கு வந்தது. எடுத்த இடத்தில், தூசிக்கு நடுவில், பாட்டில் அளவுக்கு ஒரு சுத்தமான வட்டம். எத்தனை நாளாகியிருந்தால் அப்படி வட்டம் விழும்? மருதமுத்து எப்போது நீவுவதை நிறுத்தினான் என்று யோசித்தாள். அவள் பழத்தைக் கல்யாண வீடுகளுக்கு அவன் வண்டியில்தான் ஏற்றிப் போனார்கள். போகிற இடத்தில் சிலம்பாயி புருஷன் என்று நாற்காலி போட்டார்கள். களைத்து வந்தான், தூங்கினான். நீவினால் மறுநாள் சூடு குறையும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை. அவனாகவும் நினைத்திருக்க மாட்டான். அதுதான் அவளை உட்கார வைத்தது. நினைக்காமலே ஒரு கை இதை எப்படிக் கற்றுக்கொண்டது?

அடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, மாவட்டத் தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். எலும்பு வைத்தியப் பிரிவில் அன்று இருந்தவர் நஸ்ரின் என்கிற டாக்டர், இவளைவிடப் பத்து வயது சின்னவர். திரையை இழுத்துவிட்டு, "எங்க வலிக்குதுக்கா?" என்றார். சிலம்பாயியின் கை பழைய வழியிலேயே முட்டிக்கு இறங்கியது. டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் படுக்க வைத்து, காலை மடக்கி மார்புக்குக் கொண்டுவந்து, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் தள்ள, உள்ளே தொடை திரும்பியது. சிலம்பாயி அலறிய அலறலில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் பையில் கொய்யாக்காய்கள் பழுத்தன. அவர் நன்றி சொல்லிவிட்டு ஒன்றைக் கடித்தார்.

"முட்டி இல்லக்கா. இடுப்பு மூட்டு. தொடை இடுக்குல தானே?" என்று அந்த வார்த்தையை டாக்டரே சொன்னார், காது மூக்கு என்று சொல்வதுபோலச் சாதாரணமாக. சிலம்பாயிக்கு வலியைவிட அதில்தான் அழுகை வந்தது.

படம் வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். "இது பந்து, இது கிண்ணம். பொறக்கும்போதே உங்களுக்குக் கிண்ணம் ஆழமில்ல. பந்து ஓரத்துலயே தொத்திக்கிட்டு நின்னிருக்கு. நீங்க அது மேல தார் சுமந்திருக்கீங்க. நடுவுல இருக்கிற மெத்தை தேஞ்சுபோச்சு. காயம்னா உடம்பு காவலுக்கு ஆள் அனுப்பும்க்கா. ரத்தத்துலேருந்து அணுக்கள் ஓடி வந்து சூடாக்கும், வீங்க வைக்கும். ஆத்துறதுக்குத்தான். ஆறினதும் கலைஞ்சு போகணும். உங்களுக்கு தெனம் புதுசா உரசுது, அதனால அதுங்க போகவே இல்ல, கொட்டாய் போட்டுத் தங்கிடுச்சுங்க. இத்தன வருஷம் சேதி சொல்லிச் சொல்லி நரம்பும் பழகிடுச்சு. இப்ப புடவை பட்டாக்கூட நெருப்புன்னு சொல்லும்."

"அப்ப எவ்வளவு வலின்னு படத்துல தெரியுமா?"

"படத்துல எலும்பு தெரியும். வலி தெரியாது. கொஞ்சமா தேஞ்சவங்க துடிக்கிறதையும் பாத்திருக்கேன், நெறைய தேஞ்சவங்க பஸ்ஸுக்கு ஓடுறதையும் பாத்திருக்கேன். வலிய ஆளக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்."

சிலம்பாயி படத்தைத் தன் பக்கம் திருப்பிவைத்துப் பார்த்தாள். "மூட்ட அறையில நடுவுல ஒரு பழம் மொதல்ல கனிஞ்சிட்டா, அது என்னமோ ஒரு காத்த விடும் டாக்டரம்மா. அது பட்டு பக்கத்துக் காய் கனியும், அது அடுத்தத கனிய வைக்கும். அப்புறம் மொதப் பழத்த எடுத்து வெளிய போட்டாலும் அறை நிக்காது. அப்படியா?"

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்படியேதான்க்கா. அதனாலதான் ஒண்ண ஒளிக்காம சொல்லணும். ஆபரேஷன்ல பந்தையும் கிண்ணத்தையும் மாத்திரலாம். ஆனா நரம்பு படிச்சதை மறக்க மாசக்கணக்காகும். முழுசா மறக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பாதி வலி போனாலே நீங்க உக்காந்து எந்திரிப்பீங்க."

கேஸ் தாளில், ரத்த அழுத்தத்துக்குக் கீழே, எடைக்கு மேலே, 'அருகிலுள்ள காய்கள் பழுக்கின்றன' என்று எழுதினார். முறை வர நாளாகும் என்று ஆடி மாதம் ஒரு தேதி கொடுத்தார். சம்மதப் படிவத்தையும் கொடுத்தார். "கையெழுத்து உங்களோடது போதும். கூடத் தங்க ஒரு ஆள் மட்டும் வேணும்."

போதும் என்றாலும் அவள் அதைக் கொண்டுபோய் மருதமுத்துவின் கையில் கொடுத்தாள். அவன் இரண்டு முறை படித்து, நான்காக மடித்து, வண்டியில் கண்ணாடிக்குக் கீழே செருகி வைத்தான். அது அங்கேயே வெயிலில் வெளுத்தது. மாசியில் கேட்டபோது, முகூர்த்த நாளா இருக்கு, பாப்பம் என்றான். சித்திரையில் கேட்டபோது, ஆடிதானே, இன்னும் கெடக்கே என்றான். ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத சேதி சங்கத்துக்குப் போய்விட்டது.

அந்த ஊரில் ஆடி மாதம் மண்டிக்காளிக்குப் பழக்காப்பு. அம்மனைத் தலை முதல் பாதம் வரை வாழைப்பழத்தாலேயே மூடுவார்கள். சிலம்பாயி போய்விட்டால் காப்பு எப்படி? அருணகிரி வீடு தேடி வந்து, தரையில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் பேசினார். "வேண்டாம்னு சொல்ல நான் யாரும்மா? ஆனா இது உன் சூடு மட்டுமில்ல, அம்மன் கொடுத்தது. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம். பூ கட்டிப் பாப்போம்."

ஆடி முதல் வெள்ளி காலை, மண்டி முழுக்கக் கோயில் வாசலில் கூடியது. வெள்ளை நந்தியாவட்டை வந்தால் ஆபரேஷன், சிவப்பு அரளி வந்தால் இல்லை. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் பொதிந்து பூசாரி அம்மன் காலடியில் உருட்டிவிட்டார். எடுக்கக் குருவம்மாவைக் கூப்பிட்டார்கள். எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"காத்து அடிச்சுது. சரியா உருளல" என்றார் அருணகிரி.

மறுபடி பொதிந்து, மறுபடி உருட்டி, மறுபடி எடுத்தாள். வெள்ளை.

"மூணு தடவை பாக்கிறதுதான் முறை."

மூன்றாவது முறை சிவப்பு வந்தது. அருணகிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மன் சொல்லிட்டா."

குருவம்மா மூன்று இலைகளையும் கையிலேயே வைத்திருந்தாள். "மொதலாளி, நான் பள்ளிக்கூடம் போகல. ஆனா சீப்பு எண்ணுவேன். ரெண்டு வெள்ளை, ஒரு சிவப்பு."

"கடைசியா சொல்றதுதான் வாக்கு."

"அப்ப மொதல்லயே சிவப்பு வந்திருந்தா, இன்னும் ரெண்டு தடவை பாத்திருப்பீங்களா?"

முட்டியை மூன்று முறை படமெடுத்ததும், பூவை மூன்று முறை உருட்டியதும் ஒரே வேலைதான் என்று சிலம்பாயிக்கு அப்போது தோன்றியது; அவர்கள் தங்களுக்கு வேண்டிய பதில் கையில் கிடைக்கும் வரை கேட்டார்கள், கிடைத்ததும் கேட்பதை நிறுத்தினார்கள். இரண்டு தடவையும் அவளை மட்டும் கேட்கவில்லை. உட்கார ஒன்றும் இல்லாததால் அவள் நின்றுகொண்டே இருந்தாள். ஒரு மணி நேரமாக நின்றதில், அவளுக்கு இடது பக்கம் இருந்த அர்ச்சனைத் தட்டில் தேங்காய்க்குப் பக்கத்து மொந்தன் காய் பழுத்து, தோல் கறுத்து, வெடிக்கத் தொடங்கியிருந்தது.

அவள் மெல்ல நடந்து, கூட்டத்தைத் தாண்டி, தெருவில் நின்ற குட்டியானையின் கதவைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழேயிருந்து படிவத்தை எடுத்தாள். வெளுத்திருந்தாலும் எழுத்து தெரிந்தது. பூசாரியின் ரசீதுப் பேனாவை வாங்கி, வண்டியின் மேலேயே தாளை வைத்து, சி போட்டு, ல போட்டு, நிதானமாகத் தன் பெயரை முழுசாக எழுதினாள்.

"கூட ஆரு தங்குறா?" என்றாள் குருவம்மா. கேட்டவளே பதிலும் சொன்னாள். "நான்தான் வரணும். பல்லக்கு தூக்க ஆள் வேணாமா ராணிக்கு?" சொல்லும்போது அவள் முகம் சிலம்பாயியைப் பார்க்கவில்லை, கையிலிருந்த இலைகளைப் பார்த்தது.

மருதமுத்து வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். அவன் முகத்தில் கோபம் இல்லை. படிவத்தைப் பார்த்தான், அவள் இடது பக்கத்தைப் பார்த்தான். ஒரு வருஷமாகப் பார்க்காத ஒன்றை இப்போதுதான் பார்க்கிறவன்போல அவன் கை தானாக நீண்டு, அங்கே தொட வந்து, பாதியில் நின்றது. பின்னால் ஊரே நிற்கிறது என்பது அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஊர் கேட்கச் சொல்லாமல் சொன்ன கேள்வியைத்தான் அவன் கேட்டான்.

"நீ சரியாயிட்டா… காயெல்லாம் எப்படிப் புள்ள பழுக்கும்?"

மண்டி முழுக்க அந்தப் பதிலுக்குக் காத்திருந்தது. சிலம்பாயி பேனாவை மூடிப் பூசாரியிடம் கொடுத்தாள்.

"முன்னெல்லாம் எப்படிப் பழுத்துச்சோ, அப்படித்தாங்க. மூணு நாள் ஆகும். இருந்து பாருங்க."